மருதாளின் முழங்காலும் ஆடிட் ஸ்டூல்களும்

"டேபிளுக்கு எதுக்குங்க சந்தனம்? என்ற முழங்காலுக்கு வையுங்க. ரெண்டும் பூண்டிக் கல்லுங்க, செலை செதுக்கற கல்லு. உளிதான் தேயும், இது தேயாது. இந்தச் செக்கிங் டேபிள் முன்னால மருதாள் உக்காந்தான்னு என்னைக்காச்சும் கேட்டீங்கன்னா, அன்னைக்கே என்னையப் பாடையில வெச்சு நெய்ப்பந்தம் புடிச்சுருங்க."

திருப்பூரில், நெருப்பெரிச்சல் பக்கத்துப் பனியன் கம்பெனி ஒன்றில், ஓர் ஆயுத பூஜை நாளில், பொரிப் பொட்டலமும் கையுமாக நின்ற செக்கிங் பகுதிப் பெண்கள் அத்தனை பேரும் கேட்க மருதாள் வெளியிட்ட அறிக்கை இது. அப்போது அவளுக்கு ஐம்பது முடிந்திருந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் யார் யார் என்று மருதாள் பார்த்து வைத்துக்கொண்டாள்.

அவள் சொன்னதில் அப்போதைக்குப் பொய் கிடையாது. தைத்து வரும் பனியனை விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா, லேபிளில் போட்ட சைஸும் துணியின் சைஸும் ஒன்றுதானா என்று பார்த்துத் தள்ளுவது செக்கிங் வேலை. காலையில் டேபிள் முன் நின்றால், ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், முடிந்து இரவு வேன் ஏறும்வரை நிற்க வேண்டும். ஊரே ஒன்றரை ஷிப்டில்தான் ஓடுகிறது. ஒற்றை ஷிப்ட் முடித்து வீட்டுக்குக் கிளம்புகிறவனைப் பார்த்து, "உடம்புக்கு ஏதாச்சும் சொகமில்லீங்களா?" என்று விசாரிக்கும் ஊர் இது. இங்கே மருதாள் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே டேபிளுக்குத் தலைவியும் ஆனாள். டேபிளின் தலைமாட்டில் அவள் இடம். கட்டு எதுவும் அவள் கையைத் தாண்டித்தான் பேக்கிங்குக்குப் போகும். அந்த ஒன்றரை அடி இடத்தைத் தவிர உலகத்தில் தனக்கென்று வேறு நாற்காலி எதையும் அவள் கேட்டதில்லை.

ஏழரை ஸ்டூல் வடிவத்தில் வந்தது. பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தணிக்கைக்கு ஆளனுப்பும். அப்படி வந்த ஒருவர், நிற்கும் பெண்கள் உட்கார ஒன்றுமில்லையே என்று கேட்டுவிட்டார். அடுத்த வாரமே டேபிளுக்கு அடியில் நீல ஸ்டூல்கள் முளைத்தன. அவர் மறுபடி வந்து பார்த்து, மனம் குளிர்ந்து, படமெடுத்துக்கொண்டு போனார். கார் கேட்டைத் தாண்டியதும் புரொடக்ஷன் மேனேஜர் தரணீதரனுக்கு ஒரு கவலை பிடித்தது. இத்தனை ஸ்டூலை இனி என்ன செய்வது?

வழி சொன்னவள் மருதாள்தான்.

"உக்காந்தா கண்ணு சொக்குமுங்க சார். கண்ணு சொக்குனா ஓட்டை பாஸாயிரும். அட்டைப்பொட்டி ரூமுல போட்டுப் பூட்டிருலாமுங்க. அவிய வாரப்ப எடுத்துக்கலாம்."

தரணீதரனுக்கு அந்த யோசனை இனித்தது. சாவி மருதாளின் இடுப்பில் ஏறியது. அன்று முதல் அவற்றுக்கு ஆடிட் ஸ்டூல் என்று பெயர். கோயில் உற்சவர் மாதிரி, விசேஷ நாளில் மட்டும் வெளியே எழுந்தருளும். விசேஷம் முடிந்ததும் உள்ளே போய்விடும்.

சட்டம் என்று ஒன்று வந்தால் காவு கேட்கும். ஒச்சம்மாள் அகப்பட்டாள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள், கைவேகக்காரி, மருதாளுக்கு அடுத்த இடத்தில் நிற்பவள். ஒரு நாள் அவள், முழங்கால் கடுக்கிறதென்று, பீஸ் போடும் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வேலை பார்த்தாள். மருதாள் கத்தவில்லை. கொங்கு நாட்டில் ஆளை வேலையைவிட்டு அனுப்புவதும் மரியாதையாகத்தான் நடக்கும்.

"ஏனுங்க ஒச்சம்மா, காலு நோவுதுங்களா?"

"ஆமாக்கா. செத்த நேரந்தேன்."

"பாவமுங்க. நாளையிலிருந்து ஊட்டுலயே நல்லா உக்காந்துக்கோங்க. நிக்க முடிஞ்சவிய இங்க நிக்கட்டும்."

ஒச்சம்மாள் தன் சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். நிற்க முடியாதவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அந்தப் பகுதியின் எழுதாத சட்டமாயிற்று. இயற்றியவள் மருதாள், காத்தவளும் மருதாள். மீறப் போகிறவள் யார் என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

பூண்டிக் கல்லில் முதல் விரிசல் வேன் படிக்கட்டில் விட்டது. வலது காலைத் தூக்கி வைத்து உடம்பை ஏற்றியபோது முழங்காலுக்குள் யாரோ அப்பளம் நொறுக்கினார்கள். மருதாள் சுற்றிலும் பார்த்தாள். அப்பளம் யார் கையிலும் இல்லை.

பிறகு அது தினமும் நொறுங்கியது. காலையில் எழுந்தால் கால் மடக்கு பிடித்துக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்கச் சிறிது நேரம் ஆனது. கக்கூஸில் குத்த வைத்தால் எழுவதற்குக் கதவின் தாழ்ப்பாள் துணை வேண்டியிருந்தது. தாழ்ப்பாள் ஒரு நாள் கையோடு வந்துவிட்டது. கம்பெனியில் அவள் திடீரென்று கோபக்காரி ஆனாள். யாரையாவது திட்டும்போது டேபிளில் இரண்டு கையையும் ஊன்றிக்கொள்ளலாம் என்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள். அந்த மாதம் செக்கிங் பகுதியில் திட்டு வாங்காத பெண் இல்லை. தைலம் தேய்த்தால் வாசனை காட்டிக்கொடுக்கும் என்று, தைலத்தின் மேல் பவுடரும் பவுடரின் மேல் மஞ்சளும் பூசினாள். புடவைக்குள் இருந்த முழங்கால், கல்யாணப் பெண் மாதிரி ஜோடனையாக இருந்தது.

வீட்டில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பு கொதித்தது. ஆட்டுக்கால் மாதிரியே ரோமம் வைத்த கிழங்கு. கால் போல இருப்பது காலுக்கு நல்லது என்பது சாஸ்திரம். குடித்தாள். அடுத்து ஆட்டுக்காலையே வாங்கிக் குடித்தாள். ஆட்டுக்கு நடந்த கெடுதலைத் தவிர வேறு மாற்றம் தெரியவில்லை.

"ஏம்புள்ள, பேசாம நின்னுக்க வேண்டியதுதான?" என்றார் புருஷன் நல்லான்.

"நிக்கறதுக்குத்தானுங்க இத்தனை பாடு."

"வேலைய நிப்பாட்டிக்கன்னு சொன்னேன்."

 வீட்டில் உட்கார்ந்தால் அந்த ஒன்றரை அடி இடத்தில் வேறொருத்தி நிற்பாள். அவள் எப்படி நிற்பாள் என்பதைக்கூட மருதாளால் பார்க்க முடிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதாள். அவள் அழுது நல்லான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

மருத்துவக் கல்லூரி ஒன்றின் பேனர் பஸ் ஸ்டாப்பில் தொங்கியது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் ஆராய்ச்சியில் கலந்துகொள்ளலாமாம். ஆராய்ச்சி என்றால் வெளிநாட்டு ஊசி என்று மருதாள் முடிவு செய்தாள். ஒரே ஊசி, கால் பழையபடி கல். சொந்தக்காரர் வீட்டில் ஒரு வளைகாப்பு என்று கம்பெனியில் லீவு சொன்னாள். பின்னால் போன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வளைகாப்பு தேவைப்பட்டது. அவள் சொந்தத்தில் அந்த வருடம் மாதிரி வேறு எந்த வருடமும் இத்தனை பேர் உண்டானதில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க நடுவில் இருக்கும் மெத்தை, வலது காலில் பாதிக்கு மேல் போய்விட்டது என்றார். "நல்லா தேஞ்சிருக்குங்கம்மா."

அந்தச் சொல்லை அவர் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

ஆராய்ச்சியை விளக்கியவள் கவிப்பிரியா, பிசியோதெரபி படித்தவள், மருதாளின் மகள் வயது. இரண்டு குழு உண்டு. ஒரு குழுவுக்கு வழக்கமாகத் தரும் மாத்திரையும் அறிவுரையும். இன்னொரு குழுவுக்கு அவற்றோடு தசைப் பயிற்சியும், வேலையை மாற்றிச் செய்யும் முறையும். யார் எந்தக் குழு என்பதை டாக்டரும் தீர்மானிக்க முடியாது, நோயாளியும் கேட்டு வாங்க முடியாது. ஒட்டிய கவருக்குள் இருக்கும். விருப்பம் இல்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

"ஊசி எந்தக் குழுவுலீங்க கண்ணு?"

"ரெண்டுலயும் ஊசி இல்லீங்கம்மா."

மருதாள் கிளம்பப் பார்த்தாள். ஆனாலும் போக வேறு இடம் இல்லை. கவரைப் பிரித்தார்கள். பயிற்சிக் குழு. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்த வேண்டும். காலை நீட்டித் தூக்கி இறக்க வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். காலையில் பத்து, மாலையில் பத்து, அதற்கு மேல் வேண்டாம்.

"எல்லாத்தவிட முக்கியம் இதுங்கம்மா. வேலைல மணிக்கொருக்கா சித்த நேரம் உக்காரோணும். உக்காந்துகிட்டே பீஸ் பாக்கலாம், தப்பில்ல. தொடர்ந்து நிக்கவே கூடாது."

மருதாள் அந்தப் பெண்ணையே பார்த்தாள். இதற்கா ஒரு வளைகாப்பைச் செலவழித்தோம் என்று இருந்தது. "செரீங்க கண்ணு" என்றாள். கொங்கு நாட்டில் மாட்டேன் என்பதற்கும் அதே சொல்தான்.

வெளியே காத்திருக்கும் பெஞ்சில் ஒச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

மருதாளுக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல் இருந்தது. ஓடக்கூடிய காலாக இருந்தால் அங்கே வந்தே இருக்க மாட்டாள். பெஞ்சில் நிறைய இடம் இருந்தும், சுவரோரம் விறைப்பாக நின்றாள்.

"வாங்கக்கா. ஒக்காருங்க."

"பரவால்லீங்க. நின்னு பழக்கம்."

"அது தெரியும். யாருக்குக் காலு?"

"சொந்தத்துல ஒருத்தருக்குங்க. தொணைக்கு வந்தேன்."

ஒச்சம்மாள் மருதாளின் கையில் இருந்த எக்ஸ்ரே கவரைப் பார்த்தாள். அதில் மருதாள் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "நல்ல சொந்தம்க்கா" என்றாள். அவளும் இதே ஆராய்ச்சிதான், மாத்திரைக் குழு. இப்போது மண்ணரைப் பகுதியில் வீட்டிலிருந்தபடியே பனியனில் நூல் பிசிறு வெட்டிக் கொடுக்கிறாள். "நீங்கதேன உக்காரச் சொன்னீக. உக்காந்தேன். வலி இருக்கத்தேன் செய்யுது, ஆனா ராவுல உறங்குறேன்."

மருதாள் உறங்கிப் பல நாளாயிற்று. அதைச் சொல்ல அவள் என்ன பைத்தியமா?

இனி நடந்ததை எந்த மருத்துவப் புத்தகமும் எதிர்பார்த்திருக்காது. திருப்பூரில் ஒரு வாரம் இருந்தவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். உட்காருவது நடக்காத காரியம். சரி, அதற்கு ஈடாகப் பயிற்சியைக் கூட்டிவிட்டால்? ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் கம்பெனி என்ன செய்யும்? ஒன்றரை ஷிப்ட் ஓட்டும். போதாவிட்டால் விடிய விடிய ஓட்டும். பத்து செய்யச் சொன்னதை மருதாள் முப்பது செய்தாள். முப்பது போதாதென்று எண்ணுவதையே விட்டுவிட்டாள். அடுப்பில் சோறு வேகும்போது காலைத் தூக்கினாள். கட்டிலில் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து, கட்டிலின் கால்தான் முதலில் ஆட்டம் கண்டது.

"என்ற சாமி, கட்டலுக்கும் வைத்தியம் பாக்கோணும் போல" என்றார் நல்லான்.

"ஓவர்டைம் பாக்கறனுங்க. சீக்கிரம் முடியோணுமல்ல."

முழங்கால் ஓவர்டைமுக்குக் கூலி கொடுத்தது. பனங்காய் மாதிரி வீங்கிற்று. தொட்டால் தோசைக்கல். புடவையை ஒரு சுற்று தளர்த்திக் கட்டிக்கொண்டு, அதே காலில் அதே டேபிளில் அதே ஒன்றரை ஷிப்டும் நின்றாள். மதியத்துக்கு மேல் பனியனில் இருக்கும் ஓட்டை ஒன்று இரண்டாகத் தெரிந்தது. பல்லைக் கடித்துக் கடித்து, வீட்டுக்குப் போகும்போது தாடையும் வலித்தது.

ஆஸ்பத்திரியில் வலிக்கு மார்க் போடச் சொல்வார்கள். வலியே இல்லை என்றால் சைபர், தாங்கவே முடியாது என்றால் பத்து. இரண்டாம் முறை போனபோதே மருதாள், "சைபருங்க" என்றாள். அந்தப் புள்ள பாடுபட்டுச் சொல்லித் தருகிறது, நோவு என்று சொன்னால் முகம் வாடிப் போகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, செக்கிங்கில் குறை சைபர் என்றால்தான் நல்ல பீஸ். குறை சொன்னால் ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆகி நிற்க மருதாளுக்குத் தெம்பில்லை.

கவிப்பிரியா மகிழ்ந்துபோய் சைபரை எழுதிக்கொண்டாள்.

வீங்கிய காலோடு போன நாளிலும் மருதாள் சைபர்தான் சொன்னாள். சொல்லும்போது மேலுதட்டில் வேர்த்தது. கவிப்பிரியா சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, மணி அடிக்கும்வரை எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்க்கும் சோதனை.

மருதாள் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். சோதனை அங்கேயே முடிந்துவிட்டது. எழுவதற்கு அவள் கொடுத்த உத்தரவு இடுப்புவரை போய்த் திரும்பி வந்தது. இன்னொரு தடவை முயன்றாள். நாற்காலி அசைந்தது, அவள் அசையவில்லை. வாசலில் தன் முறைக்காக நின்ற ஒச்சம்மாள் உள்ளே வந்து, கேட்காமலே அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"மெதுவாக்கா. யாரும் வெரட்டல."

நின்றதும் மருதாள் புடவையைத் தானே முழங்கால்வரை ஒதுக்கிக் காட்டினாள். ஜோடனை எல்லாம் வேர்வையில் வழிந்துவிட்டிருந்தது. கவிப்பிரியா குனிந்து பார்த்தாள்.

"எத்தனை தடவை செஞ்சீங்கம்மா?"

"ஒன்றரை ஷிப்டுங்க."

"மணிக்கொருக்கா உக்காந்தீங்களா?"

"இல்லீங்க."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாளுமில்லீங்க. எட்டுன்னு போட்டுக்கோங்க கண்ணு. இல்லீங்க, ஒம்போது. முன்னால சொன்ன சைபரெல்லாம் அடிச்சிருங்க." புடவையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "என்னைய ஆராய்ச்சியிலிருந்து தள்ளீருவீங்களா?"

"யாரும் தள்ள மாட்டோம். இன்னைக்குச் சொன்னதை இன்னைக்கு எழுதிக்கறேன். பயிற்சியும் வீக்கம் வடியற மட்டும் வேண்டாம், டாக்டரைப் பாத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணுங்கம்மா. கவர்ல வந்த குழுவுல இருந்து உங்களை மாத்த முடியாது. செஞ்சாலும் செய்யாட்டியும் அந்தக் குழுவுலதான் உங்களை வெச்சுக் கணக்குப் பாப்போம். விதி அதுதான்."

"அப்படீன்னா?"

"வேலைல உக்காரச் சொல்லி அனுப்புனவங்க கணக்குலதான் நீங்க இருக்கறீங்க."

"உக்காரலீங்களே நானு."

"தெரியுது. உங்க காலு நல்லாகலைன்னா, உக்காரச் சொல்லியும் பிரயோஜனம் இல்லைன்னுதான் அந்தக் கணக்குல விழும்."

மருதாள் ஆடிப்போனாள். உலகத்தில் அவளுக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு: லேபிளில் ஒரு சைஸும் துணியில் ஒரு சைஸும். அப்படி வந்த கட்டை, தைத்தவன் முகத்திலேயே திருப்பி எறிந்திருக்கிறாள். இப்போது அவளே அப்படி ஒரு பீஸ். உட்காருகிறவள் என்று லேபிள் குத்தி, உட்காராத காலை உள்ளே வைத்துப் பேக்கிங்குக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

"ஆத்தாடி" என்றாள் ஒச்சம்மாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. "என்னைய உக்காந்ததுக்கு அனுப்புனீக. உங்களைய உக்காந்ததாவே எழுதிப்புட்டாக."

அதில் கேலி எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று மருதாளுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அன்று பெஞ்சில் ஒச்சம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

அடுத்த வாரம் ஆடிட் வந்தது. மருதாள் அறையைத் திறந்தாள். நீல ஸ்டூல்கள் எழுந்தருளின. பெண்கள் ஆளுக்கொன்றில், தேர்வுக்கு வந்த பிள்ளைகள் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். தலைமாட்டிலும் ஒரு ஸ்டூல் இருந்தது. மருதாள் அதன் பக்கத்தில் நின்றாள்.

"மருதக்கா, உக்காருங்க. போட்டோ எடுக்கறாங்க" என்று தரணீதரன் பல்லிடுக்கில் சொன்னார்.

உட்கார அவளுக்கு உயிரையே கொடுக்கலாம் போல் இருந்தது. ஆனால் உட்கார்ந்தால் எழ முடியாது. வந்தவர் பார்ப்பார், தரணீதரன் பார்ப்பார், பெண்கள் அத்தனை பேரும் பார்ப்பார்கள். "நின்னு பழக்கமுங்க சார்" என்றாள். வந்தவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். சுறுசுறுப்பு என்று நினைத்திருப்பார். டேபிள் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்ததை அவர் படத்தில் பார்த்தால்தான் உண்டு.

கார் கேட்டைத் தாண்டியது. பெண்கள் சொல்லாமலே எழுந்தார்கள். ஆளுக்கொரு ஸ்டூலைத் தூக்கி அட்டைப்பெட்டி அறைக்குள் அடுக்கிவிட்டு வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். தலைமாட்டு ஸ்டூல் ஒன்றுதான் பாக்கி. அதை எடுக்க வந்த பெண்ணிடம் மருதாள், "இருக்கட்டும் கண்ணு" என்றாள்.

டேபிளில் கையை ஊன்றினாள். இடது காலை முன்னால் வைத்தாள். வீங்கிய காலை மெதுவாக நீட்டிக்கொண்டு, அப்பளம் நொறுங்குகிற சத்தம் தனக்கு மட்டும் கேட்க, உட்கார்ந்தாள்.

டேபிள் முழுக்கப் பிசிறு வெட்டும் கத்தரிச் சத்தம் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருவேளை எளிதாக இருந்திருக்கும். மருதாள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், எதிரே கிடந்த பனியனை விரித்தாள். வலப்பக்கம் ஓட்டை இல்லை. இடப்பக்கம் கறை இல்லை. கண் சொக்கவும் இல்லை. பனியனின் கழுத்தைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள். சைஸ் சரியாக இருந்தது.

தரணீதரன் வந்து நின்றார். ஸ்டூலைப் பார்த்தார், அதன் மேலிருந்தவளைப் பார்த்தார். "மருதக்கா, ரூமைப் பூட்டோணும். சாவி?"

"இடுப்புலதானுங்க இருக்குது சார்." அடுத்த பனியனைக் கையில் எடுத்தாள். "எந்திரிச்சு எடுத்துக் குடுக்கத்தான் முடியாதுங்க. ஊட்டுக்கு அனுப்பறதுன்னா அனுப்பிக்கோங்க. இந்தக் கட்டு முடிஞ்சுரட்டும்."

 தரணீதரன் சாவி இல்லாமலே போனார். அனுப்புவாரா, மாட்டாரா என்பது அவர் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

நெய்ப்பந்தம் பிடிக்க யாரும் வரவில்லை. அடுத்த கட்டுதான் வந்தது.